எலும்பு ஊசி போடும் முன் பல் டாக்டரைப் பாருங்கள்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அரிதாக வரும் தாடை, தொடை எலும்புப் பாதிப்புகள் பற்றி வடசென்னைப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னை மெட்ரோவில் வடக்கே கடைசியாக வரும் ஊர்ப் பெயர் விம்கோ நகர். தீப்பெட்டி செய்த வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கப் பெயர்தான் விம்கோ. ஸ்வீடன் முதலீட்டில் 1923-ல் இந்தியாவில் தொடங்கிய நிறுவனம் அது. அதன் திருவொற்றியூர் ஆலையில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள் இன்றும் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன.

அந்தத் தொழிலாளர்கள் ஒரு கொடுமையிலிருந்து தப்பினார்கள். கம்பெனி தொடங்குவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1913-ல், வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்வதை இந்தியாவில் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். தடைக்குக் காரணம், தாடை எலும்பு அழுகும் ஒரு நோய்.

ஏறக்குறைய மறைந்தே போன அந்த நோய், 21-ம் நூற்றாண்டில் வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. இப்போது அது மிகச் சிலருக்குத்தான் வருகிறது. வருபவர்களில் ஒரு பகுதியினர் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்கள். பெரும்பாலும் முன்கூட்டியே தடுக்கக்கூடிய நோய் என்பதால்தான் இதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

தீப்பெட்டி ஆலையிலிருந்து...

19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில், தீப்பெட்டி ஆலைகளில் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்தவர்களுக்கு முதலில் பல்வலி வந்தது. பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய குழி ஆறவில்லை. ஈறு விலகி, எலும்பு வெளியே தெரிந்தது. சீழ் வடிந்தது. செத்துப்போன எலும்பு துண்டு துண்டாகக் கழன்று வந்தது. வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845-ல் இதை மருத்துவ உலகுக்கு எழுதினார். இங்கிலாந்தில் டியர்டன் என்ற மருத்துவர் 1899-ல் இன்னொன்றையும் பதிவு செய்தார். தீப்பெட்டித் தொழிலாளர்களின் எலும்புகள் லேசான அடிக்கே முறிந்தன என்பது அந்தப் பதிவு.

லண்டனின் கிழக்கில், நம் ராயபுரம் போலவே துறைமுகமும் ஆலைகளும் நெருக்கியடித்த பகுதியில், பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. 1888-ல் அங்கே சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய சொற்பக் கூலியையும், அவர்கள் மீது விதிக்கப்பட்ட அபராதங்களையும் எழுதி ஊரறியச் செய்தவர் அன்னி பெசன்ட். தாடை நோயின் கொடூரமும் அந்தக் காலப் போராட்டங்களின் வழியே மக்களுக்குத் தெரியவந்தது. 1906-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடை விதிக்க ஒப்பந்தம் செய்தன. ஏழு ஆண்டுகளில் அந்தத் தடை இந்தியாவுக்கும் வந்தது.

அன்னி பெசன்ட் பின்னாளில் சென்னை அடையாற்றில் குடியேறினார். 1917-ல் அங்கே பிறந்த இந்திய மாதர் சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான். அந்தச் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதியைக் கொண்டுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பெண்கள் இன்று பஸ் மாறி, ரயில் மாறிப் போய்ச் சேரும் மருத்துவமனை அது. தீப்பெட்டிப் பெண்களுக்காகப் பேசியவரின் சங்கம், புற்றுநோய் வந்த பெண்களுக்கும் ஓர் இடத்தைக் கட்டிக் கொடுத்தது.

...எலும்பு ஊசிக்கு

2003-ல் அமெரிக்காவின் மியாமி நகரில் முகத்தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 36 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்குத் தாடை எலும்பு வெளியே தெரிந்தது, ஆறவில்லை. தீப்பெட்டி ஆலை பக்கமே போகாதவர்கள் அவர்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு விஷயம்தான்: பிஸ்பாஸ்போனேட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. நம் ஊரில் நோயாளிகள் 'எலும்பு ஊசி' என்று சொல்கிறார்களே, அதுதான். சோலெட்ரானிக் ஆசிட் அந்தக் குடும்பத்தில் அதிகம் பயன்படுவது.

பெயரிலேயே பாஸ்பரஸ் இருப்பது தற்செயல் இல்லை. பாஸ்பரஸ் ஆவி உடலுக்குள் போய், இன்றைய பிஸ்பாஸ்போனேட்டைப் போன்ற ஒரு பொருளாக மாறியிருக்கலாம், அதனால்தான் இரண்டு நோய்களும் ஒன்றுபோல இருக்கின்றன என்பது மார்க்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்களின் கருத்து. இந்த ரசாயனக் குடும்பம் முதலில் மருந்தாக வரவே இல்லை. கொதிகலனிலும் குழாயிலும் சுண்ணாம்பு படியாமல் தடுக்கத்தான் தொழிற்சாலைகள் இதைப் பயன்படுத்தின. 1960-களில் சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் குழுவினர்தான் இது எலும்புக் கரைவையும் தடுக்கும் என்று கண்டறிந்தார்கள்.

புற்றுநோய்க்கு ஏன் இந்த மருந்து? மார்பகப் புற்றுநோய் பரவும்போது அதிகம் போய்ச் சேரும் இடம் எலும்பு. முதுகெலும்பு, இடுப்பு, தொடை, விலா என்று பரவி, அரித்து, முறிக்கும். முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கும். ஜப்பானில் 228 பெண்களை வைத்துச் செய்து 2005-ல் வெளியான ஆய்வில், சோலெட்ரானிக் ஆசிட் போட்டவர்களுக்கு இத்தகைய எலும்பு விபரீதங்கள் 39 சதவீதம் குறைந்தன. நோய் பரவாத நிலையிலும் பலன் உண்டு. 18,766 பெண்களின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து 2015-ல் வெளியான ஆய்வு, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த மருந்து எலும்பில் நோய் திரும்புவதையும் மரணத்தையும் குறைக்கிறது என்று காட்டியது.

ஆகவே இந்த ஊசி உயிர் காக்கும் மருந்து. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் அதை நிறுத்திவிடக் கூடாது.

தாடைக்கு மட்டும் ஏன்?

நம் எலும்பு சும்மா கிடப்பதில்லை. வீட்டுச் சுவரில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு பூசுவதைப் போல, ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைக்க, இன்னொரு வகைச் செல்கள் புது எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. எலும்பு ஊசி, கரைக்கும் செல்களை அடக்கி வைக்கிறது. அதனால் புற்றுநோய் எலும்பை அரிப்பது குறைகிறது. ஆனால் பழுது பார்க்கும் வேலையும் மந்தமாகிவிடுகிறது.

உடலிலேயே இந்தப் பழுதுபார்ப்பு மிக வேகமாக நடக்கும் இடங்களில் ஒன்று, பல்லைத் தாங்கும் தாடை எலும்பு. அதன்மேல் இருப்பது மெல்லிய ஈறு மட்டும்தான். வாய்க்குள் எப்போதும் கிருமிகள் உண்டு. சொத்தைப் பல் வழியாகவோ, ஈறு வீக்கம் வழியாகவோ அவை எலும்பை எட்டிவிடும். இந்த நிலையில் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினால், அந்தக் குழியை மூட எலும்புக்குத் திராணி இருப்பதில்லை.

அப்போது வாய்க்குள் என்ன தெரியும்? பல் பிடுங்கிய இடத்தில், அல்லது நாக்குப் பக்கமாகக் கீழ்த்தாடையின் உள்விளிம்பில், அரிசி அளவுக்கு மஞ்சள் கலந்த வெண்மையாக எலும்பு எட்டிப் பார்க்கும். நாக்கை வைத்தால் கரடுமுரடாக உறுத்தும். ஆரம்பத்தில் வலியே இல்லாமலும் இருக்கலாம். பிறகு வாய் நாற்றம், சீழ், பல் ஆட்டம், சோறு மெல்ல முடியாத வலி. எலும்பு ஊசி போட்டவருக்கு, தாடையில் கதிர்வீச்சு எதுவும் வைக்காத நிலையில், எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு இப்படி வெளியே தெரிந்தால் அது இந்த நோய்தான் என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில்தான் அதிகம் வருகிறது.

எத்தனை பேருக்கு வரும்? நோய் எலும்புக்குப் பரவி மாதந்தோறும் ஊசி போடுபவர்களில், பெரிய ஆய்வுகளின்படி நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு. ஆண்டுகள் கூடக்கூட வாய்ப்பும் கூடும். வெறும் எலும்புத் தேய்மானத்துக்காகக் குறைந்த அளவில் மருந்து எடுப்பவர்களுக்கு இது பத்தாயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேர் என்ற அளவுக்குத்தான் வருகிறது. டெனோசுமாப் என்று இன்னொரு ஊசி இருக்கிறது. அது பிஸ்பாஸ்போனேட் இல்லை. ஆனாலும் எலும்பைக் கரைக்கும் செல்களை அதுவும் அடக்குவதால், அதிலும் இதே தாடைப் பாதிப்பு வருகிறது.

இரண்டு டாக்டர்களுக்கு நடுவே ஓர் இடைவெளி

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். புற்றுநோய்ச் சிகிச்சை ஒரு மருத்துவமனையில் நடக்கிறது. ஊசியும் அங்கேதான். ஃபைல் வீட்டு பீரோவில் இருக்கிறது. ராத்திரி கடைவாய்ப்பல் தெறிக்கிறது. விடிந்ததும் தெருமுனைப் பல் கிளினிக்குக்குப் போகிறார்.

"ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"சுகர் மாத்திரைதான் டாக்டர்."

அவர் பொய் சொல்லவில்லை. டாக்டர் கேட்டது மாத்திரையைத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கையில் ஏற்றும் ஊசி அவர் கணக்கில் மாத்திரை இல்லை. பல் பிடுங்கப்படுகிறது. ஆபத்து தொடங்குவது இந்த இடத்தில்தான்.

வடசென்னையில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. வெற்றிலை பாக்கு, புகையிலை, மாவா என்று வாயைக் கெடுக்கும் பழக்கங்கள் உழைக்கும் மக்களிடம் நிறையவே உண்டு. தாங்க முடியாத வலி வந்தால்தான் பல் டாக்டர். வந்தாலும் வேர்ச் சிகிச்சைக்கு ஆகும் செலவையும், பல முறை வர வேண்டியிருப்பதையும் நினைத்து, "புடுங்கிடுங்க டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். எலும்பு ஊசி போடுபவருக்குப் பாதுகாப்பானது வேர்ச் சிகிச்சை, ஆபத்தானது பிடுங்குவது. ஏழைக்குக் கட்டுப்படியாகும் வழியே ஏழைக்கு ஆபத்தான வழியாகவும் இருப்பது அநியாயம்.

ஊசிகளின் எண்ணிக்கையும் யோசிக்க வேண்டியது. எலும்புக்கு நோய் பரவிய 1,822 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. சோலெட்ரானிக் ஆசிட்டை 4 வாரத்துக்கு ஒரு முறை போட்டாலும் 12 வாரத்துக்கு ஒரு முறை போட்டாலும் எலும்புக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்று அது காட்டியது. தாடைப் பாதிப்பு மாதாந்திர ஊசிக்காரர்களில் 18 பேருக்கும், மூன்று மாத ஊசிக்காரர்களில் 9 பேருக்கும் வந்தது. இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்து உறுதியான முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் தினக்கூலியை விட்டுவிட்டு மாதாமாதம் ஊருக்கு அந்தப்பக்கம் போய்வரும் பெண், "எனக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா போட்டாப் போதுமா டாக்டர்?" என்று கேட்பதற்கு இது போதுமான காரணம்.

தொடை வலியை ஒதுக்காதீர்கள்

இரண்டாவது பாதிப்பு தாடையைவிட அபூர்வமானது. நீண்ட காலம் இந்த மருந்துகளில் இருப்பவருக்கு, பெரிதாக விழாமலேயே, நடந்துகொண்டிருக்கும்போதே தொடை எலும்பு குறுக்காக முறியலாம். 2005-ல் அமெரிக்காவிலும் 2007-ல் சிங்கப்பூரிலும் மருத்துவர்கள் இதை எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. டியர்டன் 1899-ல் தீப்பெட்டித் தொழிலாளர்களிடம் பார்த்த முறிவுகளை இந்தத் தொடை முறிவோடு ஒப்பிடும் ஆய்வாளர்களும் உண்டு.

இது முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் பெரும்பாலும் வருகிறது. தொடையின் நடுவிலோ, கவட்டையிலோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மந்தமான வலி இருக்கும். படியேறும்போது அதிகமாகும். வயசு வலி, வாதம் என்று தைலம் தேய்த்து நாளை ஓட்டிவிடுகிறோம். அந்த நேரத்தில் ஓர் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வெளிப்புற ஓரத்தில் சின்னத் தடிப்பும் கீறலும் தெரியும். முறியும் முன்பே மருந்தை மறுபரிசீலனை செய்யலாம், தேவைப்பட்டால் கம்பி வைத்துக் காப்பாற்றலாம். ஒரு காலில் வந்தால் இன்னொரு காலிலும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் இரண்டு தொடைகளையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது அவசியம்.

கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 1,96,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு இந்தத் தொடை முறிவு வெள்ளைக்காரப் பெண்களைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு அதிகம் என்று அது கண்டது. அதே ஆய்வு இன்னொரு கணக்கையும் சொல்கிறது. எலும்புத் தேய்மானத்துக்காக 10,000 ஆசியப் பெண்கள் மூன்று ஆண்டு மருந்து எடுத்தால் 91 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்படுகின்றன, 8 பேருக்கு இந்த அபூர்வ முறிவு வருகிறது. புற்றுநோய்க்குப் போடும் அளவு இதைவிட அதிகம் என்பதால் கவனமும் அதிகம் வேண்டும். ஆனாலும் மருந்தின் நன்மை எவ்வளவு பெரியது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

மற்ற எலும்புகளும் கவனிக்க வேண்டியவை

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளைப் பலர் ஐந்து ஆண்டு, சிலர் அதற்கு மேலும் சாப்பிடுகிறார்கள். உடலில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் இவை குறைப்பதால் எலும்பு அடர்த்தி கரைகிறது. இது அரிதான விளைவு இல்லை, எதிர்பார்க்கக்கூடியதுதான். அதனால் மாத்திரை தொடங்கும்போதே எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி, நடைப்பயிற்சி எல்லாம் சேர்த்துத் தொடங்க வேண்டும்.

டெனோசுமாப் ஊசியை இஷ்டத்துக்கு நிறுத்துவது பெரிய ஆபத்து. அதன் பலன் எலும்பில் தங்குவதில்லை. கடைசி ஊசிக்குப் பிறகு ஏழெட்டு மாதத்தில் அடங்கியிருந்த கரைவு ஒரேயடியாகத் திரும்பி, முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேல் நொறுங்கிய நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. நிறுத்துவதானால் மாற்று மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். எலும்பு ஊசி எதுவானாலும் ரத்தத்தில் கால்சியம் குறையலாம். வாய் ஓரமும் விரல் நுனியும் மதமதப்பது, கை கால் இழுத்துப் பிடிப்பது அதன் அடையாளம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

'கரண்ட் வைப்பது' என்று நம் மக்கள் சொல்லும் கதிர்வீச்சுக்குப் பிறகு, சிலருக்கு அந்தப் பக்க விலா எலும்பு பலவீனப்பட்டு, இருமலிலேயே விரிசல் விடலாம். எலும்பு ஸ்கேனில் அது நோய் பரவியதைப் போலவே தெரிவதும் உண்டு. அதனால் ஒரு ஸ்கேனைப் பார்த்த உடனே இடிந்துபோக வேண்டாம். சி.டி. ஸ்கேன் போன்ற அடுத்த பரிசோதனை வரும்வரை பொறுத்திருங்கள். அதே சமயம், கீழுதடும் மோவாயும் திடீரென மரத்துப்போனால் அதைப் பல் சமாசாரம் என்று தள்ளிப்போடாதீர்கள். நோய் தாடைக்குப் பரவியதற்கான அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

எண்ணூர்க்காரர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: இதற்கும் ஆலைகள்தான் காரணமா? 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்ததையும், அதே மாதம் நள்ளிரவில் அமோனியா கசிந்ததையும் அனுபவித்தவர்கள், எந்த நோயையும் ஆலைகளோடு சேர்த்துச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் இந்தக் கட்டுரை பேசும் பாதிப்புகளுக்குக் காரணம் மருந்துகளும் கதிர்வீச்சும்தான். அதனால்தான் இவற்றைத் தடுப்பதும் மருத்துவமனைகளின் கையில், நம் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

ஊசிக்கு முன்: முதல் எலும்பு ஊசிக்குத் தேதி கொடுத்ததும் பல் மருத்துவரைப் பாருங்கள். வாய் முழுவதற்கும் எக்ஸ்ரே எடுத்து, பிடுங்க வேண்டிய பல்லை அப்போதே பிடுங்கி, சொத்தையை அடைத்து, ஈறு ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரம் விட்டு ஊசியைத் தொடங்குவது நல்லது. அவசரம் என்றால் இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும்.

ஊசி நடக்கும்போது: ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் பரிசோதனை. பல்செட் உரசிப் புண்ணாக்கினால் உடனே சரிசெய்ய வேண்டும். புகையிலை, பாக்கு கூடாது. பல் வலித்தால் முதல் வார்த்தையாக, "எனக்குப் புற்றுநோய்க்கு எலும்பு ஊசி போடுறாங்க" என்று சொல்லுங்கள். ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருங்கள்.

எலும்பு தெரிந்தால்: நீங்களே நோண்டாதீர்கள். கிருமிநாசினிக் கொப்பளிப்பு, ஆன்டிபயாடிக், செத்த எலும்பை மட்டும் பக்குவமாக எடுப்பது என்று படிப்படியான சிகிச்சை உண்டு. சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடலாம். முற்றினால் தாடையில் பெரிய அறுவை தேவைப்படும்.

எங்கே போவது: ராயபுரம், தண்டையார்பேட்டை மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் தாடை அறுவை, வேர்ச் சிகிச்சை இரண்டுக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்தால் அங்கே போவது சுலபம்.

அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒரு கோரிக்கை. எலும்பு ஊசிச் சீட்டில் 'பல் பரிசோதனை முடிந்தது' என்று ஒரு கட்டத்தை அச்சிட்டு, அதில் பல் மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் முதல் ஊசி போடுவதில்லை என்று வைத்தாலே இந்தப் பாதிப்பில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையோடு பல் பரிசோதனையும் வேர்ச் சிகிச்சையும் ஒரே தொகுப்பாகக் கிடைக்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியர்கள் சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் பற்றிக் கேட்கும்போது, எலும்பு ஊசி போடுகிறீர்களா, பல் வலி உண்டா, தொடை வலி உண்டா என்றும் கேட்கலாம். இதற்குப் புது மருந்தோ புதுக் கருவியோ தேவையில்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண் இருந்தால், இன்றைக்கே அவரிடம் கேளுங்கள்: "அக்கா, எலும்பு ஊசி போடுறாங்களா? பல் டாக்டரைப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.